பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்த பையனும் நேருக்கு நேர்: மத்தியஸ்தருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செல்போனைப் பறித்த பையன், பூட்டிய வீட்டுக்குள் புகுந்த பையன், பள்ளி வாசலில் இன்னொருவனை அடித்த பையன். இப்படி ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவரையும் அந்தப் பையனையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசச் செய்யும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பையன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் எல்லாம் அப்படியே பொருந்தும்.

புதியவர்கள் பெரும்பாலும் சந்திப்பு நடக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். அழுதால் என்ன செய்வது, கத்தினால் எப்படி அடக்குவது என்று கேட்கிறார்கள். ஆனால் சந்திப்பு கெட்டுப்போன வழக்குகளைத் திரும்பிப் பார்த்தால், கோளாறு அதற்கு முந்தைய வாரங்களிலேயே தொடங்கியிருக்கும். யாரை முதலில் பார்த்தோம், எதைச் சொல்லாமல் விட்டோம், எதை அவசரப்படுத்தினோம் என்று தேடினால் காரணம் கிடைத்துவிடும். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், வழக்கை அனுப்பியவரிடமிருந்து எழுத்து. அனுப்புவது நீதிமன்றமாகவோ காவல்துறையாகவோ நன்னடத்தை அலுவலராகவோ இருக்கலாம். மூன்று கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும். உடன்பாடு ஏற்பட்டு நிறைவேறினால் வழக்கு என்ன ஆகும்? ஏற்படாவிட்டால் என்ன ஆகும்? நாம் கொடுக்கும் அறிக்கையை யார் யார் படிப்பார்கள்? பையனின் வீட்டில் உங்களைக் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். அங்கே “பார்க்கலாம்” என்று இழுத்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, விதிகள். ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்மானத்தோடு சேர்ந்த, இப்படிப்பட்ட சந்திப்புகளுக்கான அடிப்படைக் கொள்கைகளை ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தாமாக முன்வந்து சம்மதிக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம். கலந்துகொண்டதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகப் பின்னால் காட்டக் கூடாது. உடன்பாடு வராமல் போனதைப் பையனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. அதில் இருக்கும் இந்த நாலு வரிகள்தான் உங்கள் வேலைக்கு அஸ்திவாரம். 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கை இல்லாத வழிகளை அது ஊக்குவிக்கிறது. ஆனால் பிள்ளையின் சட்டப் பாதுகாப்புகள் குறையக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றுக்கு மேல் என்ன கேட்கிறது என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இன்னொரு மத்தியஸ்தர். தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் பாதியில் எழுந்து போனால் கூடப் போக ஒரு ஆள், அறையில் இருக்க ஒரு ஆள் என்று இருவர் தேவை.

பாதிக்கப்பட்டவரை அனுப்பி வைக்க ஒரு மனநல ஆலோசகரின் தொடர்பும் உங்களிடம் இருக்கட்டும். பழைய காயத்தைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பச் சொல்வது நியாயமில்லை.

## 1. வழக்கு இதற்கு ஏற்றதா என்று பாருங்கள்

பையன் அடிப்படை உண்மையை ஒத்துக்கொள்கிறானா என்பது முதல் சோதனை. எல்லா விவரத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. “நான் ரெண்டு அடிதான் அடிச்சேன், அவர் சொல்ற மாதிரி அஞ்சு இல்ல” என்றால் தொடரலாம். “நான் அங்கேயே இல்லை” என்றால் தாளைத் திருப்பி அனுப்புங்கள். யார் செய்தது என்று கண்டுபிடிப்பது நீதிமன்றத்தின் வேலை. மறுக்கிறவனின் முன்னால் பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்தால், அவர் தனக்கு நடந்ததையே நிரூபிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார்.

அடுத்து, ஆபத்து. பையனோ அவன் கூட்டாளிகளோ இன்னும் மிரட்டிக்கொண்டிருக்கிறார்களா? பாதிக்கப்பட்டவரும் பையனும் ஒரே வீட்டில் இருக்கிறார்களா? பாலியல் குற்றங்கள், குடும்பத்துக்குள் தொடரும் வன்முறை ஆகியவற்றைப் புதியவர்கள் தொடவே கூடாது. தனிப் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ளவர்கள் மட்டுமே எடுக்க வேண்டிய வழக்குகள் அவை.

பையன்கள் பல பேர் என்றால் தலைகளை எண்ணுங்கள். நாலு பையன்கள், நாலு குடும்பங்கள், எதிரே ஒரே ஒரு பெண்மணி என்றால் அந்த அறை அவருக்கு இன்னொரு முற்றுகை. தனித்தனிச் சந்திப்பாகப் பிரிக்கலாம், அல்லது அவர் பக்கம் ஆட்களைச் சேர்க்கலாம். எப்படியானாலும் ஒவ்வொரு பையனையும் தனியாகத்தான் தயார்ப்படுத்த வேண்டும். கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவன் முகத்தைப் பார்த்துத்தான் இன்னொருவன் பேசுவான்.

பாதிக்கப்பட்டவரும் சிறு வயதினர் என்றால், பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. அந்தப் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, குற்றத்தின் அளவை வைத்து வலியின் அளவைக் கணிப்பது. சைக்கிள் திருடு போனவர் மாதக்கணக்கில் தூங்காமல் இருக்கலாம். கை எலும்பு முறிந்தவர் “சரி, ஆனது ஆச்சு” என்று இருக்கலாம். கோப்பைப் படித்துவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

## 2. பையனை முதலில் சந்தியுங்கள்

பாதிக்கப்பட்டவரை முதலில் பார்ப்பதுதான் மரியாதை என்று பலருக்குத் தோன்றுகிறது. நான் பையனிடமிருந்துதான் தொடங்கச் சொல்வேன். பாதிக்கப்பட்டவர் நீண்ட யோசனைக்குப் பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு “சரி, வருகிறேன்” என்கிறார். அப்புறம் பையன் மாட்டேன் என்றுவிட்டால், அவர் இரண்டாவது முறையாக அடிபடுகிறார். இந்த அடிக்குக் காரணம் நீங்கள்.

பெற்றோரின் அனுமதியோடு, ஆனால் கொஞ்ச நேரமாவது அவர்கள் இல்லாமல் அவனோடு பேசுங்கள். ரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “இங்கே சொல்வதை நான் வெளியே சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.” பேசி முடித்த பிறகு இதைச் சொன்னால் அவன் ஏமாற்றப்பட்டதாக உணர்வான்.

“ஏன் செய்தாய்?” என்று கேட்காதீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்காது. எல்லோரும் கேட்டுக் கேட்டு அவனிடம் ஒரு தயார் பதில் இருக்கும், அல்லது “தெரியல” வரும். “அன்று காலையிலிருந்து சொல், குறுக்கே பேச மாட்டேன்” என்று தொடங்குங்கள். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது, அதற்குப் பிறகு என்ன நினைத்தாய், இதனால் யார் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கடைசிக் கேள்விக்கு அவன் சொல்லும் பதில்தான் முக்கியம். தன் வீட்டாரை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், இன்னும் ஒரு சந்திப்பாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். இந்த வழக்குகளில் வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நீளமான பேச்சைப் பின்தொடர்வது கடினம். அதை வெளியே காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு “ம்” கொட்டுவார்கள். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “நீ வரமாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? உன் வார்த்தையில் சொல்” என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் மறுபடி விளக்குங்கள்.

நீதிமன்றம் தலைக்கு மேல் இருக்கும்போது “சொந்த விருப்பம்” என்பது முழுச் சுதந்திரமாக இருக்காது. அதை மறைக்க வேண்டாம். எந்தப் பாதையில் போனால் என்ன என்பதைச் சொல்லி, வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்லி, சில நாள் அவகாசம் கொடுங்கள். அங்கேயே கையெழுத்து வாங்கினால் சந்திப்பன்று அவன் வராமல் போகலாம். வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

மன்னிப்பை ஒத்திகை பார்க்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் என்னென்ன கேட்கக்கூடும் என்று யோசிக்க வையுங்கள், அதுவரை போதும். மனப்பாடமாக வரும் மன்னிப்பை யாரும் முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்வார்கள்.

## 3. பெற்றோரைத் தனியாகத் தயார் செய்யுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. சந்திப்பைக் கெடுப்பதில் பையனைவிடப் பெற்றோருக்குத்தான் பங்கு அதிகம். கெட்ட எண்ணத்தால் அல்ல, அவமானம் தாங்காமல்.

வழக்கமாக நடப்பது இப்படி: பாதிக்கப்பட்டவர் ஒரு கேள்வி கேட்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டு வார்த்தை தேடுகிறான். அம்மா அவன் தொடையில் இடித்து, “மன்னிப்புக் கேளுடா” என்கிறார். அவன் “சாரி” என்கிறான். அந்த நொடியில் எல்லாம் முடிந்துபோகிறது. அது அம்மாவுக்காகச் சொன்ன சாரி என்று எதிரே இருப்பவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: “அவன் பதில் சொல்லாமல் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” அவர்கள் சொல்லும் பதிலை வைத்துப் பேசுங்கள். அவனுக்காகப் பதில் சொல்லக் கூடாது, அங்கே திட்டக் கூடாது, “எவ்வளவு ஆச்சு, நான் கொடுத்துடறேன்” என்று பணத்தை எடுத்து நீட்டக் கூடாது. ஏன் என்பதையும் விளக்குங்கள். அவர்களுக்கும் பேச ஒரு நேரம் உண்டு என்று உறுதி கொடுங்கள். காவல்நிலையத்திலிருந்து அழைப்பு வந்த இரவு தனக்கு எப்படி இருந்தது என்று ஒரு அப்பா சொல்வதைப் பையன் அந்த அறையில்தான் முதல்முறையாகக் கேட்பான்.

யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று பையனைக் கேளுங்கள். பாட்டியையோ அண்ணனையோ விளையாட்டுப் பயிற்சியாளரையோ அவன் சொன்னால், சட்டப்படி இருக்க வேண்டிய பெற்றோரோடு அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

## 4. பாதிக்கப்பட்டவரை அணுகுங்கள்

முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். வீட்டில் திருடு போனவருக்குக் கதவு தட்டும் சத்தமே போதும். முதலில் ஒரு கடிதம், பிறகு தொலைபேசி, அவர் சொல்லும் நாளில் அவர் சொல்லும் இடத்தில் சந்திப்பு. உங்களுக்கு அவர் பெயரையும் முகவரியையும் கொடுத்தது யார், நீங்கள் யாருடைய ஆளும் அல்ல என்பது கடிதத்திலேயே இருக்கட்டும்.

போனதும் திட்டத்தை விளக்க ஆரம்பிக்க வேண்டாம். “என்ன நடந்தது, அதற்கப்புறம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுக் காதை மட்டும் கொடுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டது அவர்தான் என்றாலும், பல நேரங்களில் இதை அவரிடம் முழுதாகக் கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். சந்திப்புக்கு அவர் வராவிட்டாலும் இந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை.

சில வாக்கியங்களை நாக்கிலேயே வைக்காதீர்கள். “பையன் பாவம், வீட்டுச் சூழ்நிலை அப்படி.” “அவன் ரொம்ப வருத்தப்படறான்.” “மன்னிச்சுட்டா உங்களுக்கும் மனசு லேசாகும்.” முதலாவது அவரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்குகிறது. இரண்டாவது, நீங்கள் நிறைவேற்ற முடியாத வாக்கு. மூன்றாவது, அவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவை நீங்கள் எடுப்பது. பையனைத் திருத்த இவரைக் கருவியாக்குகிறோம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் போகாது, அந்த எண்ணம் நியாயமானதும்கூட.

அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். பணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கேட்பது வேறாக இருக்கும். ஏன் எங்கள் வீடு? எங்களை முன்பே நோட்டம் பார்த்தாயா? பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது தெரியுமா? திரும்ப வருவாயா? அவர் சொன்ன வார்த்தைகளிலேயே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்லது மட்டும் சொல்லாமல் எதிர்பார்க்க முடியாததையும் சொல்லுங்கள். பையன் மன்னிப்புக் கேட்காமல் போகலாம், தரையையே பார்த்துக்கொண்டிருக்கலாம், முழுத் தொகையையும் அவனால் தர முடியாது. இன்னொன்றை மறக்காமல் சொல்லுங்கள்: பயத்தில் சில பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் எங்கோ போகும். இது தெரியாதவர் “என் எதிரில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான்” என்று எழுந்து போய்விடுவார். தெரிந்தவர் கொஞ்சம் பொறுப்பார். இந்த ஒரு வார்த்தை பல சந்திப்புகளைக் காப்பாற்றியிருக்கிறது.

பிறகு முடிவுகளை அவர் கையில் கொடுங்கள். எங்கே, எப்போது, கூட யார், யார் முதலில் பேசுவது, நேரிலா அல்லவா. குற்றம் நடந்தபோது அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இங்கே எல்லாவற்றையும் கேளுங்கள். “வேண்டாம்” என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். நீதிமன்றத் தேதி நெருங்குகிறது என்று அவசரப்படுத்துவதைவிட, தேதியைத் தள்ளி வைக்கக் கேட்பது மேல்.

## 5. இரு பக்கமும் மறுபடி போய் வாருங்கள்

ஒரு சுற்றோடு நிறுத்தினால் போதாது. பாதிக்கப்பட்டவரின் அனுமதியோடு அவர் கேள்விகளைப் பையனிடம் சொல்லுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இருவரிடமும் வரிவரியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நினைவை நம்ப வேண்டாம். கேள்வியை முன்பே கேட்ட பையன் பதிலைத் தேடிக்கொண்டு வருவான். முதல்முறையாக அங்கேதான் கேட்கிறான் என்றால் வாயடைத்து உட்கார்ந்துவிடுவான்.

கோப்பில் இல்லாத புதுக் குற்றச்சாட்டு ஏதாவது இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அது அறைக்குள் திடீரென்று வந்தால் பையனின் சட்டப் பாதுகாப்பு கேள்விக்குறியாகும், பேச்சும் விசாரணையாக மாறிவிடும்.

நேரில் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்களே இரு பக்கமும் போய்வந்து கேள்வியையும் பதிலையும் கொண்டு சேர்க்கலாம். கடிதமாகவும் இருக்கலாம். கடிதத்தைப் பையனே எழுத வேண்டும். பெரியவர்கள் திருத்தி அழகாக்கினால் அது பெரியவர்களின் கடிதமாகிவிடும். பிழைகள் அப்படியே இருக்கட்டும். ஆனால் நீங்கள் படிக்காமல் போகக் கூடாது. பழியைத் திருப்பிப் போடும் வரி ஏதாவது இருந்தால் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். எழுதியதை நேராகத் தபாலில் போடாதீர்கள். கடிதம் இருக்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள். அவர் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் கோப்பில் இருக்கட்டும்.

## 6. இடத்தையும் வருகையையும் திட்டமிடுங்கள்

யாருடைய வீடும் வேண்டாம், காவல்நிலையமும் வேண்டாம். தனித்தனியாகக் காத்திருக்க இரண்டு அறைகள், சந்திக்க ஒரு அறை, முடிந்தால் இரண்டு வாசல்கள். பாதிக்கப்பட்டவரை முன்னதாக வரச் சொல்லுங்கள். அவர் அறையைப் பார்த்து, நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்த பிறகு பையன் வரட்டும். கதவுக்கு அருகில் உட்கார நிறையப் பேர் விரும்புவார்கள். போகும்போதும் அவரே முதலில் போகட்டும், பையன் கால் மணி நேரம் கழித்து. வாசலில், வாகன நிறுத்தத்தில் தற்செயலாக மோதிக்கொள்வது இவ்வளவு பாடுபட்டதையும் கெடுத்துவிடும்.

தண்ணீரும் கைக்குட்டைத் தாளும் எல்லோர் கைக்கும் எட்டட்டும். கடிகாரம் உங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

## 7. சந்திப்பு

உங்கள் முன்னுரை இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பெயர்கள், எதற்காக வந்திருக்கிறோம், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இடைவேளை கேட்கலாம், இங்கே பேசியது இங்கேயே இருக்கும். இவ்வளவுதான். நீளமாகப் பேசினால் எல்லோருடைய பதற்றமும் ஏறிக்கொண்டே போகும்.

யார் தொடங்குவது என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. அவருக்கு விருப்பம் எதுவும் இல்லை என்றால் பையனைத் தொடங்கச் சொல்வேன். தனக்கு நடந்ததை அவன் வாயாலேயே முதலில் கேட்டுவிட்டால், அதை நிரூபிக்கும் சுமை அவருக்கு இல்லாமல் போகிறது. அவர் மனதிலுள்ளதையெல்லாம் கொட்டிய பிறகு பையன் மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்ளும் சங்கடமும் தவிர்க்கப்படும்.

ஆரம்பத்தில் இருவரும் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். “இவன் என்ன செய்தான் தெரியுமா” என்று அவர் உங்களிடம் சொல்வார். கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் விலக வேண்டும். பேசுகிறவரின் முகத்திலிருந்து பார்வையை இறக்கி, கேட்கிறவர் பக்கம் திருப்புங்கள். நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளுங்கள். அவர் கண் உங்கள் கண்ணைத் தேடும், கிடைக்காது, அப்புறம் பையன் பக்கம் போகும். “இவன்” என்பது “நீ” ஆகும். அதுவரை காத்திருங்கள்.

மௌனத்தை நிரப்பாதீர்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். “ஏன் எங்கள் வீடு?” என்று அவர் கேட்டுவிட்டார். பையன் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான். உங்களுக்கு அது யுகமாகத் தோன்றும், “தம்பி, கேள்வி புரிஞ்சுதா?” என்று உதவத் தோன்றும். வேண்டாம். பத்து மூச்சு எண்ணுங்கள். அந்த மௌனத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். “லைட் எரியல, அதான்.” அழகான பதில் இல்லைதான். ஆனால் யாரோ தன்னைக் குறிவைத்தார்கள் என்று மாதக்கணக்கில் பயந்தவருக்கு அது தேவைப்பட்ட பதில்.

கோபத்தைத் தடுக்காதீர்கள், இழிவுபடுத்துவதைத் தடுங்கள். “நீ செய்ததால் என் மகள் இருட்டில் தனியாகப் போகவே பயப்படுகிறாள்” என்பதைச் சத்தமாகவே சொல்லட்டும். “நீயெல்லாம் உருப்படவே மாட்டாய்” என்பது வந்தால் குறுக்கிடுங்கள். எதிரே இருப்பது ஒரு பிள்ளை, இவர் வயது வந்தவர். அந்த ஏற்றத்தாழ்வு உங்கள் பொறுப்பு. அதேபோலப் பையனோ வீட்டாரோ “நீங்களும் கதவைப் பூட்டாமல் விட்டிருக்கீங்க” என்று தொடங்கினால் வாக்கியம் முடியும் முன்பே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் இடைவேளை விட்டு இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம். ஒருவரிடம் மட்டும் அதிக நேரம் இருந்தால் மற்றவருக்குச் சந்தேகம் வரும்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். மன்னித்தீர்களா என்றும் கேட்காதீர்கள். இரண்டும் நடந்தால் நல்லது, நடக்காவிட்டாலும் சந்திப்பு தோல்வி இல்லை. பதில் கிடைத்ததா, பயம் குறைந்ததா என்று பாருங்கள். முடிவில் கைகுலுக்கச் சொல்வது, சேர்ந்து படம் எடுப்பது எதுவும் வேண்டவே வேண்டாம்.

## 8. உடன்பாட்டை எழுதுங்கள்

நடந்ததைப் பேசி முடிக்கும் முன் இதற்குத் தாவாதீர்கள். “சரி, இப்போ என்ன செய்யலாம்?” என்று சீக்கிரம் கேட்டுவிட்டால் பேச்சு தொகையில் போய் நின்றுவிடும்.

ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பாருங்கள். பையன் தானே செய்யக்கூடியதா? எந்தத் தேதிக்குள்? செய்துவிட்டான் என்று எப்படித் தெரியும்? “இனி ஒழுங்காக நடந்துகொள்வேன்” என்பதை யாராலும் சோதிக்க முடியாது. “அடுத்த 6 சனிக்கிழமைகளில் காலை 9 முதல் 11 வரை, தான் கிறுக்கிய சுவரைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலை” என்பதைச் சோதிக்கலாம்.

பெற்றோர் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டால் பையனுக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு உடனே பணம் தேவையாகவும் இருக்கலாம். அப்படியானால் பெற்றோர் இப்போது கொடுத்து, அவன் வேலை செய்து அவர்களுக்குத் திருப்பித் தருவதாக எழுதலாம். படிப்பைக் கெடுக்கும் வேலை, ஊர் முன்னால் நிற்க வைப்பது, நீதிமன்றம் விதிக்கக்கூடியதைவிடப் பெரிய சுமை ஆகியவற்றை அவனே ஒத்துக்கொண்டாலும் எழுதாதீர்கள். அந்த அறையில் ஒரு பிள்ளை எதற்கும் சரி என்று சொல்லிவிடும்.

எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றால் காத்திருங்கள். கையெழுத்தானதும் ஆளுக்கொரு பிரதி. எதுவும் எழுதாமல், பேசியதே போதும் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. அவர்களை இழுத்து உட்கார வைக்க வேண்டாம்.

## 9. அதற்கப்புறம்

மறுநாளே இருவரையும் அழைத்துப் பேசுங்கள். அறையில் அமைதியாக இருந்தவருக்கு வீட்டுக்குப் போய்த்தான் எல்லாம் மேலே வரும். ஆலோசகரின் தொடர்பு தேவைப்படுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

உடன்பாட்டில் உள்ள ஒவ்வொரு தேதியையும் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பையன் ஒரு சனிக்கிழமை வராவிட்டால் முதலில் காரணம் கேளுங்கள். பேருந்துக் கட்டணம் இல்லாததாக இருக்கலாம், அந்தத் தெருவில் பழைய கூட்டாளிகள் நிற்பதாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு நாளையோ வேலையையோ மாற்றிக்கொள்ளலாம். நடந்தது, நடக்காதது இரண்டையும் அவருக்கு நீங்களே சொல்லுங்கள். எதுவும் கேள்விப்படாமல் இருந்தால், ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்.

அனுப்பியவருக்கான அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. சந்திப்பு நடந்ததா, உடன்பாடு என்ன, நிறைவேறியதா. யார் என்ன பேசினார்கள் என்பதோ, “பையனிடம் வருத்தம் தெரியவில்லை” என்பது போன்ற உங்கள் கணிப்போ அதில் இருக்கக் கூடாது. ரகசியம் என்று நீங்கள் கொடுத்த வாக்கு இங்கேதான் சோதிக்கப்படுகிறது. அதிகாரி தொலைபேசியில் சும்மா கேட்டாலும் பதில் அதே ஒரு பக்கம்தான்.

எல்லாம் நிறைவேறியதும் இருவருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். உடன்பாட்டில் இருந்தது என்ன, எந்தத் தேதியில் முடிந்தது, வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் இருக்கட்டும். பிறகு உங்கள் கைக்குறிப்புகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை பூட்டி வைத்து, அதன் பின் அழித்துவிடுங்கள்.